கொழும்புக்கு ஒரு பிரதி

இரத்தினம்மாவைக் கெட்டவள் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. சாவீடென்றால் முதல் ஆளாய்க் கஞ்சி காய்ச்சித் தூக்கிக்கொண்டு போகிறவள். பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் காய மருந்து அரைக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கு இருந்தது ஒரேயொரு வியாதி. அந்த வியாதியின் பெயர் புஸ்பம்.

புஸ்பம் யாரோ எவளோ அல்ல. இரத்தினம்மாவுடைய தாயின் தங்கை மகள், ஒன்றரை வயது இளையவள். புளியடித்துறையில் ஆற்றங்கரையோடு ஒட்டிய இரண்டு வளவுகள் அவர்களுடையவை, நடுவில் தென்னோலை பின்னிய ஒரு கிடுகு வேலி. எங்கள் பக்கத்தில் வாவியை ஆறு என்றுதான் சொல்வோம். ஒரே ஆறு, ஒரே மண். ஆனால் புஸ்பத்தின் கிணற்றில் நல்ல தண்ணீர், இரத்தினம்மாவின் கிணற்றில் சவர்த் தண்ணீர். சின்னதிலிருந்தே இப்படித்தான். புஸ்பத்துக்குத் தலைமயிர் முழங்காலைத் தொட்டது, இவளுக்குத் தோளோடு நின்றுவிட்டது. புஸ்பம் வைத்த முருங்கைக் கம்பு தழைத்தது, இவள் வைத்தது பட்டுப்போனது. கடவுளுக்கு வேறு வேலையே இல்லையா, என்னையும் இவளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்துகொண்டே இருக்கிறானே என்று இரத்தினம்மா அம்மன் கோயிலில் நின்று கேட்டிருக்கிறாள், வாய்விட்டே.

புஸ்பத்தின் புருசனைத் தொண்ணூறாம் ஆண்டுச் சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. அன்றைக்குப் புஸ்பத்தைக் கட்டிப்பிடித்து இரத்தினம்மா அழுத அழுகையில் பொய்யில்லை. ஆனால் ஆறு வருடம் கழிந்தும் ஊர் புஸ்பத்தைப் பார்த்து “பாவம், பாவம்” என்றபோது, நிவாரணத்துக்கும் கூப்பனுக்கும் அவளை வரிசையில் முன்னுக்கு விட்டபோது, இரத்தினம்மா தன் புருசன் நல்லரத்தினத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவன் முற்றத்தில் குந்தியிருந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். ஒரு கணம் அவளுக்கு வந்த நினைப்பைச் சொல்ல எனக்கே வாய் கூசுகிறது. அவளுக்கும் கூசியது. உடனே எழும்பிப் போய் அவனுக்கு ஒரு முட்டை பொரித்துக் கொடுத்தாள்.

எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு உரியது. மூத்த மகளுக்குக் கல்யாணம் என்றால் தாய் தான் இருக்கும் வீட்டை அப்படியே அவளுக்குச் சீதனமாய்க் கொடுத்துவிட்டு, மற்றப் பிள்ளைகளோடு வளவு மூலையில் ஒரு குடில் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவாள். பிறகு அடுத்தவளுக்கு ஒரு வீடு கட்டப் பாடுபடுவாள். மாப்பிள்ளை வந்து பெண்ணின் வீட்டில்தான் குடியிருப்பான். வீடில்லாத பெண்ணை யாரும் கேட்டு வரமாட்டார்கள். இதை யாரும் குறையாய் நினைப்பதில்லை. மூச்சு விடுகிற மாதிரி நடக்கிற காரியம்.

இரத்தினம்மாவும் அப்படித்தான் எண்பத்தாறாம் ஆண்டு மூத்தவளுக்குக் கல்வீட்டைக் கொடுத்தாள். சும்மா கொடுக்கவில்லை. நொத்தாரிசிடம் போய்ப் பத்திரம் எழுதிப் பதிந்து, உறுதி முடித்துக் கொடுத்தாள். புஸ்பம் தன் மூத்தவளுக்கு அடுத்த வருடம் கொடுத்தாள். இரண்டு வீடும் தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் எரிந்தன. அகதி முகாமிலிருந்து திரும்பியபின் மூத்த மகள்மார் வீடு திருத்த அரசாங்கம் கொடுத்த பணத்தை எடுத்துக் கூரை போட்டுக்கொண்டார்கள். தாய்மார் இருவரும் இளைய மகள்மாரோடு பழையபடி ஓலைக்குடிலில். இரத்தினம்மாவின் இளையவள் வசந்தாதேவிக்கு இருபத்தாறு வயது. புஸ்பத்தின் இளையவள் யோகமலருக்கு இருபத்தைந்து.

தொண்ணூற்றாறாம் ஆண்டு வைகாசியில் பிரதேச சபை ஒரு வீட்டுத்திட்டம் கொண்டுவந்தது. கொழும்பில் கந்தோர் வைத்திருந்த ஒரு வெளிநாட்டு நிறுவனம் காசு கொடுக்கும், பெரிய றோட்டோரத்து மணல்வெளியைச் சபை கொடுக்கும், வீடற்ற குடும்பங்களுக்கு இரண்டறை, மண்டபம், குசினி, ஓட்டுக்கூரை. மொத்தம் இருபத்துநாலு. முதல் பன்னிரண்டு இந்த வருடம், மற்றப் பன்னிரண்டு வாற வருடம். கட்டுவதைப் பார்க்கவும், யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கவும் சபை ஒரு கண்காணிப்புக் குழு போட்டது. அதில் எங்கள் ஊர் உறுப்பினர் கந்தப்போடியும், சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் கனகசூரியமும் இருந்தார்கள். கனகசூரியத்தை எல்லோரும் ரீ.ஓ. ஐயா என்பார்கள். அந்தக் காலத்தில் சீமெந்து கொண்டுவர ஆமிக்காம்பில் அனுமதி எடுக்க வேண்டும், இயக்கத்துக்குப் பங்கர் கட்டப் போய்விடும் என்று ஆமிக்குப் பயம். ஒவ்வொரு பையையும் எண்ணிக் கையெழுத்து வைக்கிற மனுசன் அவர்.

பள்ளிக்கூடச் சுவரில் பட்டியலை ஒட்டினார்கள். வசந்தா போய்ப் படித்துவிட்டு வந்து சொன்னாள்.

“அம்மா, நமக்கும் கிடைச்சிருக்கு. பதினைஞ்சாவது. வாற வருசம்.”

இரத்தினம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். கண் கலங்கிவிட்டது. பிறகு கேட்டாள்.

“புஸ்பத்துக்கு?”

“நாலாவது. இந்த வருசம்.”

அவ்வளவுதான். கும்பிட்ட கை கீழே விழுந்தது. “பாத்தியா, பாத்தியா” என்றாள். அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. தனக்கு ஒரு கல்வீடு வரப்போகிறது என்பது அவளுக்கு மறந்தேபோனது. நாலுக்கும் பதினைந்துக்கும் நடுவிலிருந்த பதினொன்றுதான் நெஞ்சில் கிடந்து குத்தியது.

நல்லரத்தினம் சொன்னான், “என்னகா நீ, அவள் புருசன் இல்லாதவள். முதல்ல குடுக்கத்தானே வேணும். நமக்கும் வருகுதுதானே.”

“ஓம், வருகுது! ஆடு வாங்கப் போறவனுக்கு முதல்ல, அறுத்துத் திண்டவன் கையக் கழுவிப் போட்டு வந்து நிப்பான். நீங்க இருந்து பீடியக் குடிங்க.”

அவள் பதறியதற்கு ஒரு நியாயமும் இருந்தது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் நூலகத்தில் வேலை செய்கிற வினாயகமூர்த்தி என்றொரு பிள்ளை. நிரந்தர உத்தியோகம், குடிப்பழக்கம் இல்லை, இருபத்தொன்பது வயது. அவனுடைய தாய் பத்தினிப்பிள்ளை பெண் தேடிக்கொண்டிருந்தாள். குடி பொருந்த வேண்டும் என்பதுதான் எங்கள் பக்கத்தில் முதல் கேள்வி. தாய்வழியில் வருகிற குலம்தான் குடி. இரத்தினம்மாவும் புஸ்பமும் சகோதரிகள் பெற்ற பிள்ளைகள் என்பதால் ஒரே குடி. ஆகவே வசந்தா பொருந்தினால் யோகமலரும் பொருந்துவாள். பத்தினிப்பிள்ளை கெட்டிக்காரி. ஒரே நாளில் இரண்டு குடிலுக்கும் வந்து, இரண்டிலும் தேத்தண்ணி குடித்து, இரண்டு பெட்டைகளையும் பார்த்துச் சிரித்து, போகும்போது வேலிக் கடப்படியில் நின்று பொதுவாக ஒரு சொல் சொன்னாள்.

“ரெண்டும் தங்கமான பிள்ளைகள். என்ர மகன் வந்து படுக்கிற இடத்தில மழை ஒழுகாட்டிச் சரி. தை பிறக்கட்டும், பாப்பம்.”

தை பிறக்கும்போது யாருக்குக் கூரை இருக்கும்? இரத்தினம்மாவுக்கு விரல் விட்டு எண்ணத் தெரியும்.

அடுத்த கிழமை அவள் கூனி விற்கப் போகையில் மணல்வெளியைத் தாண்டினாள். ஆற்றில் அத்தாங்கு வலை போட்டு வாரிக் காயவைத்த கூனி இறால், அதுதான் அவளுடைய வியாபாரம். மணல்வெளியில் முளை அடித்து நூல் கட்டியிருந்தார்கள். நாலாம் இலக்க முளைக்குள் புஸ்பம் நின்றாள், பக்கத்தில் பத்தினிப்பிள்ளை. புஸ்பம் ஒரு ஈர்க்கால் மணலில் கோடு கிழித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“இது மண்டபம். இது அவங்கட அறை. யன்னல் ஆத்துப் பக்கம் வைக்கச் சொல்லியிருக்கன், நல்ல காத்து வரும். எனக்கு என்னத்துக்கு அறை, குசினிக்குள்ள ஒரு பாய் போதும்.”

பத்தினிப்பிள்ளை செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அந்த மணல் அறைக்குள் போய் நின்று பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள், கண்டீர்களா! இல்லாத வீட்டுக்கு! இரத்தினம்மா கூனிப் பையைத் தலையில் வைத்தபடியே பஸ்ஸுக்கு நடந்தாள். அவள் வாய் தன்பாட்டில் பேசிக்கொண்டே போனது. வீடு வைத்திருந்தவள், அதை மூத்த மகளிடம் ஒளித்துவிட்டு வீடில்லை என்று அழுகிறாள். கள்ளி. ஊரை ஏமாற்றலாம், என்னை ஏமாற்ற முடியுமா?

இந்த இடத்தில் நீங்கள் கேட்பீர்கள், இவளும் அதைத்தானே செய்தாள் என்று. சத்தியமாய்ச் சொல்கிறேன், அது அவளுக்குத் தோன்றவேயில்லை. தான் கொடுத்தது சீதனம். புஸ்பம் கொடுத்தது தந்திரம். பொறாமைக்காரிக்கு இரண்டு கண், ஒன்று தனக்கு, ஒன்று பக்கத்து வீட்டுக்கு.

பஸ் ஆமியின் சோதனைச் சென்றியில் நின்றது. எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, நடந்து போய் மற்றப் பக்கத்தில் ஏறினார்கள். கூனிப் பைக்குள் ஆமிக்காரன் கம்பியை விட்டுக் கிண்டினான். வழமையாக அதற்குத் திட்டுகிறவள் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டமாவடியில் இறங்கி, கூனியைக் கடையில் போட்டுவிட்டு, நேரே சந்தைக்குப் பின்னால் ஆதம்பாவாவிடம் போனாள்.

ஆதம்பாவா தட்டெழுத்து இயந்திரம் வைத்துப் பெட்டிசம், முறைப்பாட்டு மனு எல்லாம் எழுதுகிறவர். ஓட்டமாவடி முஸ்லிம்களின் ஊர். தொண்ணூறுக் குழப்பத்துக்குப் பிறகு எங்கள் ஆட்கள் அங்கே போவதும் அவர்கள் இங்கே வருவதும் குறைந்துபோயிருந்தது. போனாலும் அலுவலை முடித்துக்கொண்டு வெயில் சாயமுன் திரும்பிவிடுவார்கள். இரத்தினம்மாவுக்கு அதுதான் வசதி. ஊரில் எவனிடம் எழுதுவித்தாலும் பின்னேரத்துக்குள் ஊர்க் கிணற்றடியில் அதுதான் கதையாயிருக்கும்.

“செல்லுங்க தங்கச்சி, என்ன எழுத?” என்றார் ஆதம்பாவா, கடதாசிக்கு நடுவில் கார்பன் வைத்தபடி.

அவள் சொல்லச் சொல்ல அவர் தட்டினார். புஸ்பம் என்பவருக்கு ஏற்கனவே வீடு உண்டு. அதை மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டு, வீடற்றவர் என்று சபையை ஏமாற்றியுள்ளார். இப்படி வீட்டை மாற்றிக் கொடுத்தவர்களுக்கு வீடு வழங்கினால் உண்மையான ஏழைகள் எங்கே போவது?

“இதையும் போடுங்க காக்கா,” என்று அவரை அண்ணன் முறை வைத்துச் சொன்னாள். “கோழிக்கூட்டுக்கும் கள்ளத் திறப்புப் போட்டுத் திறப்பாள்.”

“அப்பிடியெல்லாம் பெட்டிசத்தில எழுதுறதில்ல, தங்கச்சி.”

“போடுங்க. அப்பதான் ஆளை விளங்கும்.”

ஆதம்பாவா சிரித்துக்கொண்டு, “கோழிக்கூட்டுக்கும் கள்ளத் திறப்புப் போடக்கூடிய நபர் என்பதைத் தாழ்மையுடன் அறியத் தருகிறேன்” என்று தட்டினார். பிறகு விரலை நிறுத்தினார்.

“கேக்கிறன் எண்டு குறை நினைக்காதீங்க. நீங்க எங்க குடியிருக்கிற?”

“மகள்ட வளவுக்குள்ள. ஒரு குடில்தான்.”

“மகள்ட வீடு?”

“அது நான் சீதனமாக் குடுத்தது.”

அவர் அவளை ஒரு முறை பார்த்தார். அவர்கள் ஆட்களிலும் வீடு பெண்ணுக்குத்தான் போகிறது. அவருக்குத் தெரியாதா? ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைக் கண்டதும் மூடிக்கொண்டார். காசு கொடுக்கிறவள் புத்தி கேட்கவில்லை, பெட்டிசம்தான் கேட்டாள். “இப்படிக்கு, உண்மையுள்ள பொதுமகன்” என்று முடித்தார். கீழே வழக்கப்படி பிரதிகள்: சபைத் தவிசாளர், கிராம சேவகர், மாவட்டக் கச்சேரி, நிறுவனத்தின் கொழும்புக் கந்தோர்.

“கொழும்புக்கு என்னத்துக்கு?” என்று கேட்டாள்.

“பிரதி போடாத பெட்டிசம் உப்பில்லாக் கஞ்சி, தங்கச்சி. சபைக்காரன் மேசைக்குள்ள போட்டு மூடிருவான். கொழும்புக்கு ஒரு பிரதி போனாத்தான் பயப்பிடுவான்.”

“அப்ப போடுங்க,” என்றாள் இரத்தினம்மா. “வடிவாப் போடுங்க.”

ஆதம்பாவா சொன்னது சரி. சபை மேசைக்குள் போட்டு மூடத்தான் பார்த்தது. கந்தப்போடி அதைப் படித்துவிட்டு, “எவனோ விசரன், தாய் மகளுக்கு வீடு குடுக்காம வேற ஆருக்குக் குடுக்கிற?” என்றாராம். சபையில் இருந்த அத்தனை பேருடைய தாயும் அப்படிக் கொடுத்தவள்தான். அவர்களுக்குத் தெரியும், பட்டியல் போடும்போதே தெரியும். தெரிந்துகொண்டுதான் பேசாமல் விட்டார்கள். ஆனால் கொழும்புக் கந்தோரில் இருந்தவர்களுக்கு மட்டக்களப்பு வழமை தெரியாது. அவர்கள் ஒரு கடிதம் அனுப்பினார்கள். கடந்த பதினைந்து வருடத்துக்குள் தன் வீட்டை உறுதி முடித்து இன்னொருவருக்கு மாற்றிய எவரும் வீடற்றவராகக் கருதப்படமாட்டார். பட்டியலைச் சபை பகிரங்கமாக மீளாய்வு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் காசு வராது.

ஆடி மாதத்தில் ஒரு காலை பள்ளிக்கூடத்தில் கூட்டம் வைத்தார்கள். இரத்தினம்மா நல்ல சேலை உடுத்துக்கொண்டு போனாள். பெட்டிசத்துக்குப் பலன் வந்துவிட்டது என்பது மட்டும்தான் அவளுக்கு எட்டியிருந்தது. வசந்தாவைக் கூட்டிக்கொண்டு முன் வரிசை வாங்கில் உட்கார்ந்தாள். புஸ்பம் இரண்டு வாங்கு பின்னால்.

கனகசூரியம் எழும்பி முதலில் பெட்டிசத்தை வாசித்தார். பெயரை வாசிக்கவில்லை, “ஒருவர்” என்று மாற்றிச் சொன்னார். கள்ளத் திறப்பு வந்தபோது கூட்டம் சிரித்தது. வசந்தா சிரிக்கவில்லை. அவள் மெல்லத் தலையைத் திருப்பித் தாயின் முகத்தைப் பார்த்தாள். இரத்தினம்மா நேரே கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவர் கொழும்புக் கடிதத்தை வாசித்து, தமிழில் விளங்கப்படுத்தினார். சிரிப்பு அப்படியே அறுந்தது.

“ரீ.ஓ. ஐயா,” கந்தப்போடி எழும்பினார். “இது எங்கட வழமை. தாய் குடுக்கத்தான் வேணும். குடுத்தா அவளுக்கு வீடில்ல. இதைக் கொழும்புக்கு எழுதினீங்களா?”

“ரெண்டு தரம் எழுதினன் போடியார். ரெண்டு தரமும் இதே பதில். நான் என்ன செய்ய?” கனகசூரியம் ஒரு கோப்பைத் திறந்தார். “காணிப் பதிவிலயிருந்து உறுதிகளின்ட விபரம் எடுத்து வந்திருக்கன். கூப்பிட்டாப்போல எழும்புங்க.”

முதலாவது பெயர். உறுதி இருக்கிறது, வெட்டு. இரண்டாவது, வெட்டு. மூன்றாவது ஆண்பிள்ளைகள் மட்டும் பெற்றவள், தப்பினாள். வெட்டப்பட்ட பெண்கள் தலையில் கைவைத்துக்கொண்டு குழறினார்கள். ஒருத்தி எழும்பி நின்று மண்ணை வாரித் தூற்றினாள்.

“இதை எழுதினவன்ட கை அழுகிப்போக! அவன்ட குடி விளங்காமப் போக!”

எல்லாப் பெண்களும் சேர்ந்து திட்டினார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் சந்தேகம் வந்துவிடுமே! இரத்தினம்மாவும் எழும்பினாள். “புழுத்துப் போக!” என்று எல்லோரிலும் சத்தமாய்த் தன் கைக்கே சாபம் போட்டாள். பிறகு உட்கார்ந்தாள். அப்போதுதான், அந்த வாங்கில், அவளுக்கு எண்பத்தாறாம் ஆண்டு நொத்தாரிசு கந்தோர் ஞாபகம் வந்தது. தாயே, அம்மாளே என்று மனதுக்குள் கத்தினாள்.

“நாலாவது, புஸ்பம்.”

புஸ்பம் எழும்பினாள். கனகசூரியம் தாளைப் புரட்டினார்.

“இவட பேரில உறுதி ஒண்டும் இல்ல. அந்த வளவு ஆத்தங்கரை ஒதுக்குக் காணி, அரசாங்கத்துக்குரியது. மகளுக்குக் குடுத்தது வாய்ப்பேச்சு, பதிவில்ல. கடதாசிப்படி இவ ஒருக்காலும் வீடு வச்சிருக்கல்ல.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இவட பேர் நிக்கும்.”

இரத்தினம்மா இருபது வருடமாய் அந்த வேலிக்கு மேலால் சொல்லிக்கொண்டிருந்தாள், “எங்கட உறுதிக் காணி, சிலபேர்ர மாதிரி ஆத்தில ஒதுங்கின மண் இல்ல” என்று. அந்தச் சிலபேர் இப்போது பேசாமல் உட்கார்ந்தாள்.

பதினைந்தாவது பெயர் வர நேரம் எடுத்தது. வந்தது. உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசு பெயர் எல்லாவற்றையும் சுத்தமாய் வாசித்தார்கள். வெட்டு. இருபத்துநாலு பேரில் பதினேழு பேர் போனார்கள். மிச்ச வீடுகளை நிறுவனம் வேறொரு பிரதேசத்துக்குக் கொண்டுபோய்விட்டது. இரண்டாம் கட்டம் என்ற பேச்சே பிறகு இல்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது வசந்தா ஒன்றும் கேட்கவில்லை. அழவுமில்லை. குடிலுக்குள் போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்து தேங்காய் துருவ உட்கார்ந்தாள். அன்றையிலிருந்து தாயோடு பேச்சை நிறுத்திவிட்டாள். தகப்பனோடு பேசுவாள், கோழியோடு பேசுவாள், தாய் கேட்டால் தலையாட்டுவாள். இரத்தினம்மா கத்திப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், நெஞ்சுக்குத்து என்று இரண்டு நாள் படுத்தும் பார்த்தாள். வசந்தா கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

புரட்டாசிக்குள் ஏழு வீடும் எழும்பின. கனகசூரியம் தினமும் மோட்டார்சைக்கிளில் வந்து சாந்தைச் சுரண்டிப் பார்த்தார். கலவை பிழை என்று ஒரு சுவரை இடித்துத் திரும்பக் கட்டுவித்தார். ஏழு வீட்டையாவது ஒழுங்காய்க் கட்டிவிட வேண்டும் என்று மனுசன் வெறிபிடித்தவர் போல நின்றார். பத்தினிப்பிள்ளை தை வரை காத்திருக்கவில்லை. ஓடு போட்ட மறுநாளே வெற்றிலையோடு புஸ்பத்திடம் வந்துவிட்டாள். ஐப்பசியில் வினாயகமூர்த்திக்கும் யோகமலருக்கும் கல்யாணம். இரத்தினம்மா போனாள், பலகாரம் சுட்டாள், பந்தியில் பரிமாறினாள். வசந்தா மணப்பெண்ணுக்குத் தலை பின்னி விட்டாள். போட்டோவுக்கு நிற்கச் சொன்னபோது இரத்தினம்மா அடுப்படியில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். வேலை ஒன்றுமில்லை. புகைக்குள் நின்றால் கண்ணீருக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை, அவ்வளவுதான்.

கார்த்திகையில் வாடைக் காற்று எழும்பியது. மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலை ஆறு வளவுக்குள் ஏறி, குடிலின் ஒரு பக்கம் அப்படியே சரிந்தது. மூத்த மகளின் வீட்டில் அவள் புருசனின் ஆட்கள் ஆற்றுக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து பதின்மூன்று பேர் நெருக்கிக்கொண்டு கிடந்தார்கள். வசந்தா தன் பாயையும் உடுப்புப் பெட்டியையும் தலையில் வைத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல், மழைக்குள்ளால் மணல்வெளிக்கு நடந்துவிட்டாள். நல்லரத்தினம் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளுக்குப் பின்னால் போனான்.

“வா கா,” என்றான் திரும்பி.

“நான் செத்தாலும் அந்த வீட்டுப் படி மிதிக்கமாட்டன்,” என்றாள் இரத்தினம்மா. மத்தியானம் வரை சரிந்த குடிலுக்குள் முழங்கால் தண்ணீரில் நின்றாள். பிறகு போனாள்.

புஸ்பம் வாசலில் நின்றாள், இவள் வருவாள் என்று தெரிந்தவள் போல. ஒரு துவாயை நீட்டினாள். இரத்தினம்மா வாங்கவில்லை, சொட்டச் சொட்ட நனைந்தபடி விறாந்தைத் தூணோடு நின்றாள். ஓட்டிலிருந்து தண்ணீர் நேர் கோடாய் விழுந்தது. ஒரு சொட்டு உள்ளே ஒழுகவில்லை. அந்த நேரத்திலும் அதைத்தான் பார்த்தாள்.

“அக்கா,” என்றாள் புஸ்பம் குரலைத் தாழ்த்தி. “பெட்டிசம் ஆரு போட்டதெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். அந்தக் கோழிக்கூட்டுக் கதையை இந்த ஊரில வேற ஆரு சொல்லுவாங்க? சின்னதில இருந்து என்னை ஏசுறதுக்கு நீங்க வச்சிருக்கிற ஏச்சு.”

இரத்தினம்மா றோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “ஊருக்குச் சொன்னியா?”

“சொல்லல்ல. சொன்னா பதினாறு பொம்புளையளும் உங்களைக் கிழிச்சுப் போடுவாளுகள். மறுகா வசந்தாவை ஆரு எடுப்பான்?”

பார்த்தீர்களா, பெருந்தன்மையும் இவளுக்கே வாய்த்துவிட்டது! வீடு இவளுக்கு, மருமகன் இவளுக்கு, இப்போது நல்ல மனசும் இவளுக்கு. வெட்கப்பட வேண்டிய இடத்திலும் இரத்தினம்மாவுக்கு எரிந்தது. சொல்ல ஒரு சொல் கிடைக்காதா என்று வாய்க்குள் தேடினாள்.

“இன்னொண்டும் சொல்ல வேணும்,” என்றாள் புஸ்பம். “முதல் எழுதின பட்டியலில நாலாவது நீங்கதான். நான் பதினைஞ்சு. போடியார்ர வீட்டுக்குப் போய்க் கால்ல விழுந்து அழுது மாத்தினது நான். புருசன் இல்லாதவள் எண்டு அழுதன். அதுக்காக இல்ல அக்கா. உங்கட வீட்டுக்கு முதல் என்ர வீட்டுக் கூரை ஏற வேணும், நீங்க பாக்க வேணும், அதுக்குத்தான். இந்த அம்பது வருசத்தில எனக்கும் உங்களைக் கண்டா எரிச்சல்தான். புருசன் பக்கத்தில இருந்து பீடி குடிக்கிறதைப் பாத்தாலே எரியும்.”

இரத்தினம்மா அவளைப் பார்த்தபடி நின்றாள். பீடிக்காகவா? அந்த ஊத்தைப் பீடிக்காகவா?

“உங்கட இடத்தில நான் நிண்டிருந்தா நானும் பெட்டிசம் போட்டிருப்பன்,” என்றாள் புஸ்பம். “ஆனா அக்கா, கொழும்புக்குப் பிரதி போட்டிருக்க மாட்டன்.”

ஐம்பது வருடத்தில் முதல் தடவையாக இரத்தினம்மாவுக்கு அவள்மேல் கோபப்பட முழு நியாயம் கையில் கிடைத்திருந்தது. அடி கள்ளி, நீதானே தொடங்கினாய் என்று கத்தலாம். ஊரைக் கூட்டலாம். வாயைத் திறந்தாள். அப்போது உள்ளே வசந்தாவின் சிரிப்புக் கேட்டது. யோகமலரோடு ஏதோ பேசிச் சிரிக்கிறாள். நாலு மாதமாய்த் தாய் கேளாத சிரிப்பு. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள் போல, வாளி இழுபடும் சத்தமும் கேட்டது. இன்னொருத்தியின் வீட்டுச் சுவர். இரத்தினம்மா வாயை மூடினாள். புஸ்பம் துவாயைத் தூணோரம் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

வசந்தா கையில் சுண்ணாம்போடு ஒரு கோப்பைத் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினாள்.

“சின்னம்மா குடுக்கச் சொன்னா,” என்றாள்.

பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் பிறகு தாயோடு அவள் பேசிய முதல் பேச்சு அது. இரத்தினம்மா இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள்.